வெள்ளி விடுபடும் இடம்

தொல்காப்பியமும் நன்னூலும் பயிலும் ஒருவன் வெள்ளிமுலாம் பூசும் தொட்டியைப் பற்றி எழுதப் புகுவது எற்றுக்கு என்று நண்பர் சிலர் வினவுவர். இரசாயன வகுப்பினர்க்குரிய பொருளைத் தமிழ் வகுப்பினன் கவர்ந்துகொண்டான் என்று நகைப்போரும் உளராவர். யான் இதனை விரும்பித் தேர்ந்துகொண்டேன் அல்லேன். என் தாய்மாமன் என்னை ஒரு கேள்வி கேட்டார். அவர்க்கு யான் பட்ட கடன் பெரிதாகலின் விடை தேடிச் செல்லவேண்டியதாயிற்று. கடன் இன்னதென்று சொல்லாமல் விடையை மட்டும் எழுதிவிடலாமென்றே முதலில் எண்ணினேன். அவ்வாறு எழுதிப் பார்த்ததில் அது பொய்போலத் தோன்றிற்று.

மாமாவின் பட்டறை எங்கள் ஊரில் அவர் வீட்டின் பின்கட்டில் இருந்தது. ஒருபுறச் சுவரோரமாகத் திராவக ஜாடிகள்; எதிர்ப்புறத்தில் முலாம் தொட்டி. தொட்டியின் குறுக்கே மூன்று பித்தளைக் கம்பிகள் கிடக்கும். ஓரக் கம்பிகள் இரண்டிலும் தூய வெள்ளித் தகடுகள் தொங்கும். நடுக் கம்பியில் குத்துவிளக்கோ, பன்னீர்ச் செம்போ, தட்டோ, அன்றைக்கு வந்த பண்டம் தொங்கும். தகடுகள் நேர்மின்வாய், பண்டம் எதிர்மின்வாய். மாமா எட்டாம் வகுப்புக்குமேல் படித்தவர் அல்லர். ஆயினும் ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் நான்கு கிராம் வெள்ளி ஏறும் என்பது அவர்க்கு மனப்பாடம். பாரடே கண்ட விதிப்படி அக்கணக்கு 4.025 கிராம் என்று பின்னர் அறிந்து வியந்தேன். முலாமிடுமுன் பண்டத்தைத் தராசில் நிறுத்து, அந்த எடையைச் சுவரிற் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைப்பார். பண்டத்தைத் திரும்பக் கொடுக்கும்போது உடையவர் முன்னிலையில் மறுபடி நிறுத்துக் காட்டுவார். ஊரில் வேறு பட்டறைக்காரர் எவரும் அவ்வாறு செய்ததாக யான் கேட்டதில்லை.

விடுமுறை நாட்களில் யான் அங்கேயே கிடப்பேன். எனக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றே: திராவகப் பக்கத்துத் தண்ணீர் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. தொட்டியில் இருப்பது வெள்ளியும் பொட்டாசியம் சயனைடும் கலந்த நீர். திராவகம் அதனோடு கூடினால் சயனைடு காற்றாக எழும்பும். "எழும்பினால் என்னவாகும் மாமா?" என்று கேட்டேன். "கேட்க ஆளிருக்காது" என்றார்.

எனக்குப் பதினொரு வயது நடக்கையில், ஈஸ்டர் பண்டிகைக்கு முன் வாரத்தில், எங்கள் ஆலயத்தின் திருவிருந்துக் கிண்ணத்தைக் கோயில்பிள்ளை ஒரு வெள்ளைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்தார். விளிம்பில் வெள்ளி தேய்ந்து மஞ்சளித்த உள்ளுலோகம் தெரிந்தது. அடியில் ஈ.பி.என்.எஸ். என நான்கு எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. வெள்ளியே கலவாத 'ஜெர்மன் சில்வர்' என்னும் செம்பு, நாகம், நிக்கல் கலவையின்மேல் மின்னால் வெள்ளி பூசியது என்பதற்கு அஃது அடையாளம் என்று மாமா சொன்னார். அதைக் கேட்டு யான் அடைந்த ஏமாற்றம் இன்னும் நினைவிலிருக்கிறது. ஆலயத்துக் கிண்ணம் முழுவெள்ளி என்றே நம்பியிருந்தேன்.

கிண்ணத்தின் உட்புறத்துக்கு மின்சாரம் எளிதிற் செல்லாது. விளிம்பிலேயே வெள்ளி மிகுதியாக ஏறிவிடும். ஆதலின் மாமா ஒரு சிறு வெள்ளித் துண்டை உள்ளே படாமல் தொங்கவிட்டு, மூன்று ஆம்பியர் அளவில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் விட்டுவைத்தார். பின் எடுத்துக் கழுவித் துடைத்துப் பலகைமேல் வைத்துவிட்டு உண்ணச் சென்றார்.

அவர் வருமுன் இடத்தைச் சுத்தம் செய்துவைத்தால் மகிழ்வார் என்று எண்ணினேன். வேறு எண்ணம் ஏதுமில்லை. பழந் திராவகம் அரைப்பங்கு நின்ற ஜாடியைத் தூக்கி ஒரு வாளியிற் கவிழ்த்தேன். தொட்டியிலிருந்து எடுத்த பண்டங்களை முதலில் அலசும் வாளி அது. அந்நீரிலும் வெள்ளியுண்டு என்பதால் மாமா அதனைக் கொட்டாமற் சேர்த்துவைப்பார். நீர் நுரைத்தது. ஏதோ ஒரு கசந்த வாடை வந்தது. தலை கனத்தது. அதற்குள் வாயிற்படியில் மாமாவின் உருவம் தெரிந்தது. என் தோளைப் பற்றி முற்றத்தில் எறிந்தார் என்றே சொல்லவேண்டும். பிறகு அவர் மறுபடியும் உள்ளே சென்றார். பட்டறைச் சுவருக்கு அப்பால் அடுக்களை. அங்கே அத்தையும் கைக்குழந்தையும் இருந்தனர். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர் கிணற்றடியில் அதனை வைத்தார், வைத்தபின் விழுந்தார்.

அவ்வாடை அவர்க்குத் தெரியவேயில்லையாம். சயனைடு வாயுவின் மணத்தை அறியும் ஆற்றல் பிறவியிலேயே இல்லாதவர் பலர் உண்டென்று இப்போது படிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்து, நரம்பில் இரண்டு மருந்துகளை ஏற்றிப் பிழைக்கவைத்தனர். ஈஸ்டரன்று கிண்ணம் பீடத்தில் இருந்தது. மாமா கட்டிலில் இருந்தார். வீடு திரும்பிய பின்னர் அவர் கைகள் நடுங்கத் தொடங்கின. கடுஞ் சயனைடுக்குத் தப்பியவர் சிலர்க்கு அசைவை ஆளும் மூளைப்பகுதி பழுதுபட்டு இவ்வாறாவது உண்டென்று மருத்துவர் கூறினர். கொக்கியில் பண்டம் மாட்ட முடியாத கைகளால் பட்டறை நடத்துவது எங்ஙனம்? தொட்டியை விற்றுவிட்டுப் பாத்திரக் கடையொன்றிற் கணக்குப் பார்க்கச் சென்றார். எழுத்தும் கோணலாகிவிட்டமையால் அவர் சொல்ல வேறொருவர் எழுதுவார். எவ்வாறு நேர்ந்தது என்று கேட்டவர்க்கெல்லாம் "கைத்தவறு" என்றே சொல்லிவந்தார். என்னை ஒருவரும் கேட்கவில்லை, யானும் சொல்லவில்லை. எட்டு ஆண்டுகள் சொல்லவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் திண்ணையில் அவர் சட்டைப் பொத்தானை மாட்ட முயன்று முயன்று விட்டுவிடுவதைக் கண்டேன். "மாமா, அன்றைக்கு வாளியில் திராவகத்தை ஊற்றியது நான்தான்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "ஜாடி காலியாகக் கிடந்ததே. வாளி இரண்டும் ஒரே நிறம், மருமகனே. ஒன்றுக்குச் சிவப்புப் பூசி வைத்திருக்கவேண்டும். நாளைக்குப் பூசலாம், நாளைக்குப் பூசலாம் என்று விட்டுவிட்டேன்."

யான் அழுது முடியும்வரை அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு கேட்டார்: "நீ காலேஜில் படிக்கிறாயே, எனக்கு ஒன்று விசாரித்துச் சொல். வெள்ளியைச் சயனைடு இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். அவ்வளவு இறுகப் பிடித்தது கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஏன் விட்டுவிடுகிறது? என்னைப் பிடித்தது அப்படி லேசாக விடவில்லையே!" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கல்லூரி திறந்தவுடன் இரசாயனம் பயிலும் என் அறைத்தோழனிடம் இக்கேள்வியைக் கொண்டுசென்றேன். அவன் விடை கூறாமல் என்னைப் பிரயோகசாலைக்கு அழைத்துச் சென்று, ஒரு கண்ணாடிக் குழாயில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஊற்றி, அதனுள் செப்புக் கம்பியொன்றை நிறுத்தினான். சற்றுநேரத்திற் கம்பியெங்கும் பஞ்சுபோலவும் பனங்குருத்து முனைபோலவும் வெள்ளி முளைத்தது. குழாயைத் தட்டினான், முளைத்ததெல்லாம் உதிர்ந்து அடியில் விழுந்தது. "இப்படிப் பூசினால் உன் மாமாவுக்கு யார் கூலி கொடுப்பார்?" என்றான். நைட்ரேட்டுக் கரைசலில் வெள்ளி அயனிகளை நீரையன்றி இறுகப் பற்றுவாரில்லை. உலோகம் தென்பட்டவுடன் ஓடிச்சென்று ஒட்டிக்கொள்கின்றன. முன்னே நீண்ட முனையிலேயே மேலும் மேலும் ஏறுகின்றன. மின்சாரம் செலுத்தினாலும் நல்ல பூச்சாகாமல் கரடுமுரடான படிகங்களும் ஊசிகளுமாகவே படியும். வெள்ளி ஒழுங்காகப் படிவதற்கு அதனைத் தடுத்துப் பிடித்து மெல்ல மெல்ல விடுவதற்கு ஒன்று வேண்டும்.

இதனை உலகம் அறிந்த வரலாறு சுவையுடையது. வோல்டா தம் மின்னடுக்கை 1800-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் நண்பராகிய புருக்னாதெல்லி 1805-ஆம் ஆண்டளவில் வெள்ளிப் பதக்கங்களுக்கு மின்னாற் பொன்முலாம் பூசினார். அவர் எடுத்தது அம்மோனியா கலந்த பொன் கரைசல். அறிந்தோ அறியாமலோ பொன்னைப் பற்றும் ஒன்றைச் சேர்த்திருந்தார். ஸ்வீடன் நாட்டு ஷீலே என்பார், நீலச்சாயம் ஒன்றிலிருந்து 1782-இல் சயனைடு அமிலத்தை வடித்தவர், சயனைடு நீர் பொன்வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் என எழுதிவைத்தார். பர்மிங்ஹாம் நகரத்து வைத்தியர் ஜான் ரைட் அதனைப் படித்து, முலாம் பூசுதற்கு அந்நீரைப் பயன்படுத்தலாமெனக் கண்டார். எல்கிங்டன் குடும்பத்தார் அம்முறையைத் தம் 1840-ஆம் ஆண்டு உரிமைப் பத்திரத்திற் சேர்த்துக்கொண்டனர். எங்கள் கிண்ணத்தின் அடியிலுள்ள நான்கு எழுத்துக்களின் பிறப்பு அதுவே. சயனைடு என்னும் பெயர் கருநீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நஞ்சுண்ட கண்டத்துக்கு நம் நாட்டுப் புராணமும் நீலநிறமே கொடுத்திருக்கிறது. இஃது உவமையளவில் நிற்க.

உலோகத்தைப் பற்றும் இத்தகைய மூலக்கூற்றைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஈனி' என்கின்றன. பற்றியபின் உண்டாவது 'அணைவுச் சேர்மம்'. இவ்விரு சொற்களையும் கண்டபோது இரசாயனத்தின்மீது எனக்கு முதன்முதல் அன்பு பிறந்தது என்பதை ஒளிக்காமற் சொல்கிறேன். ஆங்கிலேயர் வழங்கும் பெயர் கட்டுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் அடியிலிருந்து வந்ததாம். நம் சொல்லோ கட்டுவதைச் சொல்லாமல் கொடுப்பதைச் சொல்கிறது. தன்பாலுள்ள எலெக்ட்ரான் இணையொன்றை உலோகத்துக்கு ஈன்று அதனாலேயே ஒட்டிக்கொள்வது ஈனி. தொட்டியில் ஒவ்வொரு வெள்ளி அயனியையும் இரண்டு சயனைடுகள் இருபுறமும் நேர்க்கோட்டில் அணைத்து நிற்கின்றன.

அவ்வணைப்பு எத்துணை இறுக்கமானது என்பதற்கு என் தோழன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். முப்பது கிராம் வெள்ளி கரைந்துள்ள ஒரு லிட்டர் தொட்டிநீரில் கோடி கோடியாக வெள்ளி அயனிகள் உண்டு. அவற்றுள் ஒரு கணத்தில் சயனைடின் பிடியில்லாமல் தனித்து நிற்பவை சில ஆயிரமே தேறும். யான் அவனை இருமுறை திரும்பக் கணக்கிடச் செய்தேன். விடை மாறவில்லை. பிடியில்லாத வெள்ளி 0.80 வோல்ட் என்னும் மின்னழுத்த நிலையில் உலோகமாக இசையும்; சயனைடு பற்றிய வெள்ளியோ எதிர்ப்பக்கம் 0.31 வோல்ட் வரை இறங்கித் தள்ளினாலன்றி இசையாது. ஒரு வோல்ட்டுக்கு மேற்பட்ட இவ்வேறுபாடே சயனைடின் பிடி.

இங்கே மாமாவின் கேள்வியைவிடக் கடினமான கேள்வியொன்று எழுகின்றது. வெள்ளி அயனி தனியே நேர்மின்னேற்றம் உடையது. எதிர்மின்வாயை நாடுவது இயல்பு. சயனைடு இரண்டு சேர்ந்தபின் முழுச்சேர்க்கையும் எதிர்மின்னேற்றம் பெற்றுவிடுகிறது. எதிர் எதிரை விலக்குமன்றோ? விலக்கப்படுவது அங்கே சென்று படிவது எவ்வாறு? இதனைக் கேட்டபொழுது என் தோழன் மகிழ்ந்து, தன் ஆசிரியரிடமே என்னை அழைத்துச் சென்றான். அவர் தந்த விளக்கத்தை என் சொற்களில் எழுதுகிறேன்.

கிண்ணத்தின் மின்னேற்றம் தொட்டி முழுவதையும் ஆள்வதில்லை. உப்பு மிகுந்த நீரில் பொட்டாசியம் அயனிகள் கிண்ணத்தை நெருங்கிப் போர்த்துக்கொள்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்கு அப்பால் விலக்கும் விசை தெரிவதேயில்லை. அணைவு அங்கே வருவது மின்னிழுப்பால் அன்று. கிண்ணத்தின் அருகே வெள்ளி செலவாகிக் குறைவதால், நிறைந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவி வருகிறது. அடியெடுத்து வைக்கும் கடைசி இடத்தில்தான் பிடி தளர்கிறது. 1950-களில் ஜெர்மனியில் கெரிஷர் முதலியோர் மின்னோட்டத்தை நுட்பமாக அளந்து கண்டது இது: தனிச் சயனைடு குறைந்த தொட்டியில் இரண்டிலொரு சயனைடு முதலிற் கழன்றுவிடுகிறது; எஞ்சிய ஒன்றோடு வெள்ளி உலோகப் பரப்பை அடைந்து எலெக்ட்ரானைப் பெறுகிறது. தனிச் சயனைடு மிகுந்த தொட்டியில் இரண்டும் பற்றியபடியே எலெக்ட்ரானைப் பெற்றபின் உதறப்படுகின்றன. எலெக்ட்ரான் பெற்ற வெள்ளியணுவும் விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை. பரப்பின்மேல் சிறிது உலாவிப் படிக்கட்டுப் போன்ற ஓரங்களைக் கண்டு அமர்கிறது. கழன்ற சயனைடுகளுள் சில உடனே செல்லாமல் புதிய வெள்ளிப் பரப்பையே பற்றிக்கொண்டு, அடுத்து வருவதைச் சற்றுத் தாமதிக்கச் செய்கின்றன. பூச்சு நெருங்கிய மணியாகப் படிவதற்கு இத்தாமதங்களே காரணம்.

பரப்பின்மேல் ஒட்டும் மூலக்கூறுகளின் வேலையை இரசாயனிகள் அறியுமுன்னே பட்டறைக்காரர் அறிந்திருந்தனர். மெழுகு அச்சுக்களைப் பாஸ்பரஸ் கலந்த கார்பன் டைசல்பைடில் தோய்த்துத் தொட்டியில் இட்டபோது, அருகே தொங்கிய பண்டங்கள் மட்டும் மெருகிடாமலே பளபளத்தன. காரணம் தேடிய மில்வர்ட் என்பார் கூட்டாளியொருவருடன் 1847-இல் உரிமை பெற்றார். தொட்டிக்குச் சில துளிகளே போதும். கந்தகம் வெள்ளியை விடாது பற்றும். முனைகளைப் பற்றி அடக்கிப் பள்ளங்களை நிரம்பவிடுகிறது. மாமாவும் ஒரு சிறு புட்டியிலிருந்து ஏதோ துளிகள் இடுவார். என்னவென்று கேட்டால் சொல்லமாட்டார். தொழில் இரகசியமாம்! இத்தகைய மூலக்கூறுகளைப் பரப்பின்மேல் இருக்கும் நிலையிலேயே காண்பது பிற்காலத்தில்தான் கைகூடியது. 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் பிளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் என்னும் மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயின்மேல் பிரிடின் என்னும் ஈனியை ஒட்டவைத்து, நம் நாட்டு இராமன் கண்ட ஒளிச்சிதறலால் அதனை நோக்கினர். எதிர்பாராத அளவு தெளிவாகத் தெரிந்தது. பின்னர் வெள்ளியைப் பற்றிய சயனைடையும் அவ்வழியே கண்டனர்.

ஆகவே மாமாவின் கேள்விக்கு விடையின் முற்பாதி இது: இறுகப் பிடிப்பது வேறு, விடாமற் பிடிப்பது வேறு. வெள்ளியைப் பிடிக்கும் சயனைடுகள் கணந்தோறும் கழல்வதும் வேறு சயனைடு வந்து பற்றுவதுமாக இருக்கின்றன. மிகுதியாகச் சூழ்ந்திருப்பதால் வெள்ளி எப்போதும் அணைக்கப்பட்டதாகவே காண்கிறது. எலெக்ட்ரான் ஒன்று கிட்டியவுடன் அது பிடியை இழக்கிறது. விடாமற் பிடிப்பதற்கு உதாரணம் வேண்டுமெனில் ஆறு சயனைடு சூழ்ந்த இரும்பைச் சொல்லலாம். அதிற் சயனைடு கழல்வது மிக அரிதாதலின், உப்புக் கட்டிபடாமல் இருப்பதற்கு அச்சேர்மத்தைச் சிறிதளவு உப்பிலேயே கலக்கிறார்கள்.

பிற்பாதியை எழுதுவது எனக்கு எளிதன்று. நம் உயிரணுக்களிலும் எலெக்ட்ரான்கள் கைமாறி வந்து பிராணவாயுவிடம் சேரும் கடைசி இடமொன்றுண்டு. அங்கே ஓர் இரும்பு அணு இருக்கிறது. பிராணவாயு வந்து அமரவேண்டிய அவ்விரும்பைச் சயனைடு பற்றிக்கொள்கிறது. எலெக்ட்ரான்களுக்கு மேலே வழியில்லை. இரத்தத்திற் பிராணவாயு நிறைந்திருந்தும் உடலுக்கு அது பயன்படாது போகிறது. அன்று மாமாவின் முகம் சிவந்திருந்தது என்று அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். காரணம் இதுவாக இருக்கலாம். இப்பிடியும் நிரந்தரமானதன்று, ஆயினும் அது தானே தளரும்வரை உயிர் காத்திராது. ஆஸ்பத்திரியில் ஏற்றிய முதல் மருந்தாகிய சோடியம் நைட்ரைட், இரத்தத்து இரும்பிற் சிறு பங்கைச் சயனைடு விரும்பும் நிலைக்கு மாற்றி, அதனை அவ்விடத்துக்கு இழுத்துவிடுகிறது. இரண்டாவதாகிய தயோசல்பேட், தன் கந்தகத்தைக் கொடுத்து அதனைத் தீங்கு குறைந்த வேறொன்றாக்கி வெளியேற்றுகிறது. இந்தத் தயோசல்பேட்டுத்தான் புகைப்படக்காரர் வழங்கும் 'ஹைப்போ'. அதுவும் வெள்ளியைப் பற்றும் ஈனியே. சயனைடுக்கு மாற்றாக அதனையும் ஹைடாந்தாயின் முதலிய வேறு ஈனிகளையும் கொண்டு வெள்ளித்தொட்டி அமைத்தவர் உளர். எனினும் சயனைடுத் தொட்டிகள் இன்றும் பல பட்டறைகளில் இருக்கின்றன. அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் மின்முலாம் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக நடந்துவருகிறது. மாமாவின் பட்டறைக்கு அச்செய்தி எதுவும் எட்டியதில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் இவற்றையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். ஒரு தட்டையும் வெள்ளிக்குப் பதில் புளியங்கொட்டைகளையும் வைத்துக்கொண்டு விளக்கினேன். இடையிற் பேசாமற் கேட்டார். நேர்மின்வாய்த் தகடு கரைவதற்கும் கழன்ற சயனைடே காரணம் என்றபோது தலையசைத்தார். தனிச் சயனைடு குறைந்தால் தகடு கறுத்து மந்தமாகும் என்பதை அவர் கையாற் கண்டவர். பிறகு, "அப்படியானால் வெள்ளியை விட்ட விஷம் தொட்டியிலேயேதான் இருக்கிறது" என்றார்.

"ஆம் மாமா."

"மறுபடி ஒரு வெள்ளியைப் பிடிக்கும்."

"ஆம்."

மறுநாட் காலை கோயில்பிள்ளை வந்தார். அதே வெள்ளைத் துணி. கிண்ணத்தின் விளிம்பு மறுபடியும் தேய்ந்துவிட்டதாம். பக்கத்து நகரில் யாரிடம் கொடுக்கலாம் என்று மாமாவைக் கேட்க வந்திருந்தார். மாமா கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கினார். கைகள் நடுங்கியபடியே அதனைத் திருப்பி உட்புறத்தை நெடுநேரம் பார்த்தார். உள்ளே பூச்சு எங்கும் தேயவில்லை. ஒரு பட்டறையின் பெயரைச் சொல்லி, கொடுக்குமுன் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளும்படி கூறினார். கோயில்பிள்ளை படியிறங்கிய பின் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்.

"அங்கே அலசுகிற வாளிகள் என்ன நிறமென்று பார்த்துவிட்டுக் கொடும்" என்றார்.